லேடி டாக்டரை எப்போது பார்க்க வேண்டும்?



உங்கள் காணிக்கைகளாலும் ஜெபங்களாலும் தாங்கப்படும் எங்கள் மருத்துவமனையின் மகளிர் பிரிவிலிருந்து இம்முறை ஒரு செய்தியை உங்கள் இல்லங்களுக்கு அனுப்புகிறோம். அங்கு பணிபுரியும் பெண் மருத்துவர்கள் எங்களிடம் பலமுறை கேட்டுக்கொண்டது இது: "நோயாளிகள் வந்தபின் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எப்போது வரவேண்டும் என்பதை நீங்கள் சபையாருக்குச் சொல்லுங்கள்." ஆகவே அவர்களிடம் கேட்டறிந்தவற்றை எல்லாரும் புரிந்துகொள்ளும் வண்ணம் இங்கே தருகிறோம்.

காலையும் மாலையும் படுக்கை படுக்கையாகச் சென்று நோயாளிகளைச் சந்திப்பது எங்கள் ஊழியம். "எவ்வளவு நாளாக இந்தத் தொந்தரவு?" என்று மருத்துவர் கேட்கும்போது, "ஆறு மாசமா", "ரெண்டு வருஷமா", "கடைசிப் பையன் பிறந்ததிலிருந்தே" என்ற பதில்களை அடிக்கடி கேட்கிறோம். "இதைப் போய் யாருகிட்ட ஐயா சொல்றது?" என்று எங்களிடம் கேட்ட தாய்மார்கள் உண்டு. வெட்கம், செலவைக் குறித்த அச்சம், "பெண்ணாகப் பிறந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று மாமியார் சொன்ன வார்த்தை, இவையெல்லாம் சேர்ந்து நோயை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுகின்றன.

இந்த வெட்கம் நம் நாட்டில் உயிர்களைப் பலி வாங்கியிருக்கிறது. 1890களில் திண்டிவனத்தில் மிஷனெரித் தந்தையின் வீட்டில் தங்கியிருந்த ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண்ணைத் தேடி, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். மூவருடைய மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். வீட்டிலிருந்த தந்தை மருத்துவர்தான். ஆனாலும் ஓர் ஆண் தங்கள் மனைவியைத் தொட அவர்கள் சம்மதிக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அந்த இரவுதான் ஐடா அம்மையாரை மருத்துவம் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1900ஆம் ஆண்டில் மருத்துவராகத் திரும்பி வந்து வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918இல் அங்கே பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இன்று நம் தமிழ்நாட்டில் சிறு நகரங்களில்கூடப் பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். மருத்துவர் இல்லை என்ற குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. போகத் தயங்கும் குறைதான் இன்னும் மிச்சமிருக்கிறது.

எது இயல்பு, எது இயல்பல்ல?

மாதவிடாய் ஒரு நோயல்ல. சாதாரணமாக 21 முதல் 35 நாட்களுக்குள் ஒருமுறை வந்து, இரண்டு முதல் ஏழு நாட்கள் இருக்கும். முதல் இரண்டு நாட்கள் அடிவயிற்றில் சற்று வலி இருப்பதும் இயல்பே. பூப்பெய்திய முதல் இரண்டொரு ஆண்டுகளில் மாதவிடாய் முன்பின்னாக வருவதும் உண்டு. ஆனால் கீழ்க்காண்பவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

1. ஏழு நாட்களுக்குமேல் உதிரம் போகுதல். ஒவ்வொரு மணி நேரத்திற்கும் அல்லது இரண்டு மணி நேரத்திற்கும் துணியையோ நாப்கினையோ மாற்ற வேண்டியிருத்தல். பெரிய கட்டிகளாக வெளியேறுதல்.

2. வேலைக்கோ பள்ளிக்கோ போகமுடியாத அளவு வலி. கர்ப்பப்பையின் உட்புறம் இருக்கவேண்டிய சவ்வு வெளியே வளர்வதாலும், நார்க்கட்டிகளாலும் இவ்வாறு வலி உண்டாகலாம். "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் பிள்ளையை அழ விடுவது சரியல்ல.

3. இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவிலோ, தாம்பத்திய உறவுக்குப் பின்போ இரத்தம் படுதல்.

4. கர்ப்பமில்லாமலே மூன்று மாதங்களுக்குமேல் மாதவிடாய் வராதிருத்தல். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி என்று மக்கள் சொல்லும் கோளாறு, அளவுக்கு மீறிய உடல் எடை அல்லது எடைக்குறைவு ஆகியவை இதற்குக் காரணமாக இருக்கலாம்.

5. வெள்ளைப்படுதலில் மாற்றம். தெளிவாகவோ பால் போலவோ சிறிதளவு படுவது இயல்பானது. அரிப்பு, எரிச்சல், துர்நாற்றம், தயிர் திரிந்ததுபோன்ற தன்மை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், இரத்தக் கலப்பு ஆகியவை இருந்தால் சிகிச்சை வேண்டும். காரணத்திற்கேற்ப மருந்து மாறும். ஆகையால் பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று எண்ணாதீர்கள்.

6. மார்பகத்தில் கட்டி, காம்பிலிருந்து இரத்தம் அல்லது நீர் வடிதல், தோல் உள்ளிழுத்துக்கொள்ளுதல். வலி இல்லாத கட்டி என்று அசட்டையாக இருக்கக்கூடாது. மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

அதிக உதிரப்போக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. போதிய உணவின்மை இதற்கு ஒரு காரணம். மாதாமாதம் அளவுக்கு மீறி இரத்தம் போவது மற்றொரு காரணம். படியேறினால் மூச்சு வாங்குவதும், நெஞ்சு படபடப்பதும், எந்நேரமும் சோர்ந்திருப்பதும் "வயசாகிவிட்டது" என்பதால் அல்ல, இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்ததால் இருக்கலாம். கர்ப்பமாயில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு சிறிய இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

வயதுக்கேற்ற கவனம்

வளரும் பிள்ளைகள்: 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி ஆரம்பிக்காவிட்டால், அல்லது 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டால், காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூப்பெய்தாத பிள்ளைக்கு மாதந்தோறும் அடிவயிற்று வலி வருமானால், உதிரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கியிருக்கக்கூடும். இது சிறிய அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது. உறவினருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைத்து வைப்பதால் பிள்ளைதான் வேதனைப்படும்.

மணமானவர்கள்: கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதே ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றை முன்னதாகவே கவனித்துக்கொள்ளலாம். மாதவிடாய் தள்ளிப்போனதும் மருந்துக் கடையில் தாங்களே மாத்திரை வாங்கி விழுங்குவது மிகவும் ஆபத்தானது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைச் சரிசெய்யாது. குழாய் வெடித்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் பெருகிவிடும்.

பிள்ளையில்லாதவர்கள்: ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கர்ப்பம் தரிக்காவிட்டால், கணவனும் மனைவியும் சேர்ந்தே பரிசோதனைக்கு வரவேண்டும். மனைவிக்கு 35 வயதுக்கு மேலிருந்தால் ஆறு மாதமே போதும். குறை ஆணிடத்திலும் சரிசமமாக இருக்கக்கூடும். விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் மருத்துவமனை மருத்துவமனையாக அலைக்கழிப்பதும், "மலடி" என்ற வார்த்தையால் குத்துவதும் விசுவாசிகளின் குடும்பங்களில் இருக்கத்தகாதவை.

நடுத்தர வயதினர்: பல பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், பிரசவமான சில நாட்களிலேயே பாரம் தூக்கியவர்களுக்கும் அடியிறக்கம் ஏற்படுவதுண்டு. கீழே ஏதோ இறங்குவதுபோன்ற உணர்வு, இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிதல், இடுப்புக் கனம் ஆகியவை இதன் அடையாளங்கள். சிறுநீர் கசிகிறதே என்று ஆலயத்திற்கு வருவதையே நிறுத்திவிட்ட தாய்மார்களை நாங்கள் அறிவோம். ஆரம்ப நிலையில் தசைகளுக்கான பயிற்சியே பலன் தரும். உள்ளே பொருத்தும் வளையமும் உண்டு. தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் உண்டு.

மாதவிடாய் நின்றவர்கள்: பெரும்பாலானவர்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நிற்கிறது. நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் வந்தே ஆகவேண்டும். "திரும்பவும் இளமை வந்துவிட்டது" என்று சிலர் வேடிக்கையாகப் பேசுவார்கள். பலருக்கு இது சவ்வு உலர்ந்துபோவதால் வரும் சாதாரணத் தொந்தரவுதான். ஆனால் சிலருக்கு இதுவே கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் எச்சரிப்பு. அந்த எச்சரிப்பில் உடனே வந்தவர்களில் மிகப் பலர் குணமடைகிறார்கள். அதுபோலவே வயிறு உப்புசம், சிறிது சாப்பிட்டவுடனே வயிறு நிரம்பிய உணர்வு, அடிவயிற்று வலி ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் "வாயு" என்று விட்டுவிடாமல் சினைப்பையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கே வரவேண்டியவர்கள்

சில காரியங்கள் மறுநாள்வரை காத்திருக்கக்கூடாதவை. மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்றில் கடுமையான வலியும் மயக்கமும் வருதல், நிற்காத உதிரப்போக்கு, காய்ச்சலோடு கூடிய அடிவயிற்று வலி, கர்ப்பிணிக்கு இரத்தம் படுதல், தாங்கமுடியாத தலைவலி, கண் மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குட நீர் உடைதல், பிரசவித்தவளுக்குக் காய்ச்சலோ அதிக இரத்தப்போக்கோ ஏற்படுதல். இவற்றிற்கு இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தொந்தரவே இல்லாதவர்களும் வரவேண்டுமா?

ஆம், வரவேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காகவே இதைச் சொல்லுகிறோம். பாப்பிலோமா என்னும் வைரஸ் கிருமி நீண்டகாலம் தங்கியிருப்பதால் இந்நோய் உண்டாகிறது. கிருமி தொற்றியபின் புற்றுநோயாக மாறச் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகள் நமக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் பார்த்துவிட்டால், புற்றுநோயாக மாறுமுன்பே அந்த இடத்திற்குச் சிகிச்சை அளித்துவிடலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் வலியோ வேறு அடையாளமோ இராது. ஆகையால்தான் சுகமாயிருக்கும்போதே வரச் சொல்லுகிறோம்.

இதற்கான சோதனை மிக எளிது. கருப்பை வாயில் புளிக்காடி போன்ற அசெட்டிக் அமிலத்தை நீர்த்துத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றமடைந்த இடம் வெண்மையாகத் தெரியும். பாப் ஸ்மியர் என்னும் சோதனையும், வைரஸைக் கண்டறியும் சோதனையும் உண்டு. 30 வயது முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்யவேண்டுமென்று நம் மத்திய அரசு 2016இல் நெறிமுறை வகுத்தது.

இந்த எளிய சோதனை உயிர்களைக் காக்கிறது என்பதை உலகத்திற்குக் காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டமே. 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயதுவரையுள்ள கிராமத்துப் பெண்களிடையே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் பெல்லோஷிப் சமுதாய நல மையம், அடையாறு புற்றுநோய் நிலையம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஆகியவை இதில் சேர்ந்து உழைத்தன. பயிற்சி பெற்ற நர்சுகளே 31,000க்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்தார்கள். 2007இல் முடிவுகள் வெளியாயின. இச்சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், அழைக்கப்படாத ஊர்களைவிட இந்நோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. வயல் வேலையை விட்டு, வெட்கத்தை விட்டு, ஒரு காலை நேரத்தை ஒதுக்கி வந்த அந்தத் தாய்மார்களால் உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஆனாலும் முன்பு குறிப்பிட்ட தேசிய ஆய்வு, 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 100க்கு 10 பேர்கூட இல்லை என்றது. அதுவே மற்ற மாநிலங்களைவிட மேலான நிலை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் 100க்கு 2 பேர்கூட இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இச்சோதனையை இலவசமாகவே செய்கிறார்கள். எங்களிடம்தான் வரவேண்டும் என்றில்லை.

இந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிகுந்த பலனளிக்கும். நம் நாட்டிலேயே தயாரான தடுப்பூசி 2023இல் விற்பனைக்கு வந்தது. இளம் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். ஊசி போட்டவர்களும் 30 வயதானபின் சோதனைக்கு வரவேண்டும்.

உள்ளே என்ன நடக்கும்?

பயத்திற்குப் பாதிக் காரணம், அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரியாததே. முதலில் மருத்துவர் உட்கார வைத்துப் பேசுவார். கடைசி மாதவிடாய் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது, எத்தனை பிரசவம், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். தேதிகளைக் காலண்டரில் குறித்து வைத்துக் கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய ஸ்கேன், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் கொண்டுவாருங்கள்.

தேவைப்பட்டால் மட்டுமே உள்பரிசோதனை செய்வார்கள். பக்கத்தில் ஒரு நர்ஸ் இருப்பார். இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும். சற்றே அசௌகரியமாக இருக்கலாம். "நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மணமாகாத பெண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றின்மேல் செய்யும் ஸ்கேனே போதும். ஆகையால் மணமாகாத பெண்ணை லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்க வேண்டாம். நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது. கணவனுக்கோ மாமியாருக்கோ தெரியாமல் மருத்துவரிடம் தனியாகப் பேச விரும்பினால், அதையும் தாராளமாகக் கேட்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். அதிக உதிரப்போக்குக்கு மாத்திரை உண்டு. உள்ளே பொருத்தும் மருந்துச் சாதனம் உண்டு. நார்க்கட்டியை மட்டும் நீக்கும் முறையும் உண்டு. சிலருக்கு அறுவை சிகிச்சை அவசியமே. ஆனால் ஏன் அவசியம், வேறு வழி என்ன, சினைப்பைகளை விட்டுவைப்பார்களா என்று கேட்டறிந்து, இன்னொரு மருத்துவரின் ஆலோசனையையும் பெற்றபின் தீர்மானியுங்கள்.

ஆண்களுக்கும் சபைகளுக்கும் ஒரு வார்த்தை

சுவிசேஷத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயைப் பற்றி வாசித்திருக்கிறோம். அவள் வைத்தியர்களிடம் போகாமலில்லை. கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் சுகம் காணாமல், கூட்டத்தில் யாரும் அறியாதபடி பின்னாலிருந்து வந்தாள். தீட்டுள்ளவள் என்று ஒதுக்கப்பட்டவள் அப்படித்தான் வரமுடிந்தது. ஆண்டவரோ அவள் ஒளிந்துபோக விடவில்லை. எல்லாருக்கும் முன்பாக அவளை மகளே என்று அழைத்தார். அவளுடைய வியாதியைப் பற்றிப் பேச அவர் வெட்கப்படவில்லை. நாமும் வெட்கப்படத் தேவையில்லை.

கணவன்மாரே, உங்கள் மனைவி சோர்ந்திருப்பதைக் கண்டால், "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். மருத்துவமனைக்குத் துணையாக வாருங்கள். ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும். நோய் முற்றியபின் செலவழிக்கும் தொகை அதைவிடப் பல மடங்கு. மாமியார்மாரே, நீங்கள் பட்ட பாட்டை மருமகளும் படவேண்டும் என்பதில்லை. உங்களுக்கே நெடுநாள் தொந்தரவு இருந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இருவரும் ஒரே நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவிகளுக்கும் போதகர் அம்மாமார்களுக்கும் எங்கள் வேண்டுகோள்: அடுத்த கூடுகையில் இக்கட்டுரையை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். அதன்பின் 30 வயதுக்கு மேற்பட்ட பத்துப் பெண்கள் சேர்ந்து ஒருநாள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ புறப்படுங்கள். தனியாகப் போக அஞ்சுகிறவள் பத்துப் பேரோடு தைரியமாகப் போவாள். வீட்டிலேயே அடங்கியிருக்கும் முதிய தாய்மார்களையும், கணவனை இழந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். "எனக்கு இனிமேல் என்ன" என்று சொல்லித் தள்ளிப்போடுகிறவர்கள் அவர்களே.

வார்டில் நாங்கள் ஜெபிக்கும்போது பல தாய்மார்கள், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் ஐயா" என்கிறார்கள். உங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல நேரக்கூடாது என்பதே எங்கள் விருப்பம். இன்று இரவு சாப்பாட்டுக்குப்பின், வீட்டிலுள்ள பெண்களிடம் மேற்கண்ட அடையாளங்களில் ஏதேனும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்குமானால், இந்த வாரத்திலேயே அழைத்துப் போங்கள்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.

மருத்துவமனை போதகர்